றோட்டில் ஓடுகிற தண்ணீருக்குத் தடை இல்லையா?

வளவுக்காரி (கென்ட்), 10 ஒகஸ்ட் 2025

வணக்கம். இரண்டு விஷயம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் பக்கம் ஜூலை நடுப்பகுதியிலிருந்து ஹோஸ் பைப் தடை, தோட்டத்துக்கு ஹோஸால் தண்ணீர் அடிக்கக் கூடாது என்று தண்ணீர் நிறுவனம் சொல்லிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலம் போதாதென்று கவுன்சிலிடம் ஒரு அலாட்மென்ட் (பயிர் செய்ய வாடகைக்குக் கொடுக்கிற துண்டு நிலம்) எடுத்து, ஆறு வருடமாக நானும் மாமியும் செய்கிறோம். உருளைக்கிழங்கு, வெங்காயம், பீன்ஸ், பூசணி, கீரை எல்லாம் போட்டிருக்கிறோம். கண்ணாடிக் கூட்டுக்குள் கத்தரியும் மிளகாயும். மாமிக்கு 71 வயது. ஊரில் தோட்டம் செய்த குடும்பம். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு இன்றைக்குத் தண்ணீர் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுவார்.

இந்த வருடம் அந்த மண் கையில் பிசைபடவே இல்லை. நூறு வருடத்துக்கு மேலாக இங்கிலாந்து இப்படி ஒரு வறண்ட வசந்தகாலத்தைக் கண்டதில்லை என்று வானிலை நிலையமே சொன்னது. எங்கள் நிலம் களிமண். வெடித்துக் கிடக்கிறது. பூசணிக் கொடிக்குப் பக்கத்தில் இருக்கிற வெடிப்புக்குள் என் கை மணிக்கட்டு வரை போகிறது.

சரி, தடை என்றால் தடை. அதைப் பற்றி நான் முறையிட வரவில்லை. பூவாளியில் அள்ளித்தான் ஊற்றுகிறோம். 9 லீற்றர் பூவாளி, ஒரு மாலைக்கு 22 தரம். மாமிக்கு விரல் மடிகிற இடத்தில் தோல் உரிந்துவிட்டது. "பனையோலைப் பட்டையால் தண்ணீர் இறைத்த கை, இதெல்லாம் ஒன்றுமில்லை" என்று சொல்லித் துணியைச் சுற்றிக்கொண்டு வருவார்.

என் கோபம் வேறு. எங்கள் றோட்டு முனையில், தபால் பெட்டிக்குக் கீழே, நடைபாதைக் கற்களின் இடுக்கால் தண்ணீர் ஊறுகிறது. ஜூலை 22 இரவு முதலில் கண்டேன். இன்றைக்கு 19 நாள் ஆகிறது. கல்லுக்கிடையில் கொப்புளித்து வந்து, றோட்டோரமாக ஓடி, பதினைந்து வீடு தாண்டி வடிகாலில் விழுகிறது. ஊர் முழுக்கப் புல் வைக்கோல் நிறத்தில் கிடக்க, அந்தத் தண்ணீர் போகிற வழி மட்டும் பச்சைக் கோடாக நிற்கிறது. விடியற்காலையில் குருவிகள் அதில் குளிக்கின்றன.

பொறுக்க முடியாமல் போன சனிக்கிழமை ஒரு வாளியும் குப்பை அள்ளுகிற தட்டும் கொண்டுபோய் அளந்து பார்த்தேன். தட்டை ஓரத்தில் பதித்துத் தண்ணீரை வாளிக்குள் திருப்பினால், 10 லீற்றர் வாளி 50 செக்கனில் நிரம்புகிறது. இரண்டு பக்கத்தாலும் வழிந்து போனதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு நாளைக்கு 17,000 லீற்றருக்கு மேல் வருகிறது. 19 நாளில் மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. நானும் மாமியும் ஒரு மாலைக்கு ஊற்றுவது 198 லீற்றர்.

தண்ணீர் நிறுவனத்துக்கு மூன்று தரம் போன் எடுத்தேன். ஒரு தரம் இணையத்தில் பதிந்தேன். ஜூலை 30 ஒருவர் வந்து, கல்லில் நீல மையால் வட்டம் போட்டுவிட்டுப் போனார். அவ்வளவுதான். அதற்கு அடுத்த நாள் எங்களுக்கு ஒரு கடிதம்: நான்கு நிமிடத்துக்குள் குளித்து முடியுங்கள், ஒவ்வொரு துளியும் முக்கியம் என்று. நான் அதைத் தபால் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தேன்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. அலாட்மென்ட் குழாய் முழங்கால் உயரம்தான். அதற்குக் கீழே பூவாளி நிமிர்ந்து நிற்காது. அதனால் மாமி இரண்டு மீற்றர் ஹோஸ் துண்டு ஒன்றைக் குழாயில் மாட்டி, அதால் பூவாளியை நிரப்பினார். செடிக்கு அதால் ஒரு சொட்டும் அடிக்கவில்லை. நாலு பாத்தி தள்ளி இருக்கிற ஒரு மனிதர் வந்து, போனில் படம் எடுத்து, ஏதோ சொல்லியிருக்கிறார். மாமிக்கு ஆங்கிலம் விளங்காது. சிரித்துத் தலையாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "அந்தத் தம்பி ஏன் படம் எடுத்தவர்?" என்று என்னிடம் கேட்டார். பிறகு பக்கத்துப் பாத்திக்காரி வந்து விஷயத்தைச் சொன்னா: புகார் கொடுக்கப்போகிறேன், ஆயிரம் பவுண் அபராதம் என்று அவர் சொன்னாராம். அன்றிலிருந்து மாமி அலாட்மென்டுக்கு வருவதில்லை. முழங்கால் நோகிறது என்கிறார். முழங்கால் இல்லை என்று எனக்குத் தெரியும்.

என் கேள்விகள் இவைதான். ஒன்று, மாமி செய்தது உண்மையில் குற்றமா? இரண்டு, அந்தக் கசிவை அடைக்க வைக்க நான் இனி யாரிடம் போக வேண்டும்?


லீட்ஸ்வாசி, 10 ஆகஸ்ட் 2025

அக்கா, முதல் கேள்விக்கு நீங்கள் எதிர்பார்க்கிற பதில் இல்லை, மன்னியுங்கள்.

எங்களுக்கு இங்கே யார்க்‌ஷயரில் ஜூலை 11 முதல் தடை. நாங்களும் இதே விஷயத்தில் மாட்டியதால் சட்டத்தையே எடுத்துப் படித்தேன். 1991ஆம் ஆண்டு தண்ணீர்த் தொழில் சட்டத்தில் 76ஆம் பிரிவு. 2010இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அதில் ஹோஸால் ஒரு பாத்திரத்தை நிரப்பி, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாலும் அது ஹோஸ் பயன்படுத்தியதாகத்தான் கணக்கு. அலாட்மென்டும் 'தோட்டம்' என்ற சொல்லுக்குள் வருகிறது. ஆகவே அந்தத் துண்டு ஹோஸைக் கழற்றிவிடுங்கள். குழாயிலிருந்து நேராகப் பூவாளியில் பிடித்தால் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

மழைத் தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் இவற்றை ஹோஸ் வைத்தே ஊற்றலாம். நிறுவனம் அனுப்புகிற தண்ணீருக்கு மட்டும்தான் தடை.

அபராதம் 1,000 பவுண்டு வரை என்பது உண்மை. ஆனால் அந்த மனிதர் விதிக்க முடியாது, நிறுவனமே கூட விதிக்க முடியாது. நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒரு படத்தை வைத்து யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள். முதலில் ஒரு கடிதம்தான் வரும். மாமியிடம் இதைச் சொல்லுங்கள். அப்புறம், உங்கள் நிறுவனத்தின் விலக்குப் பட்டியலையும் பாருங்கள். நீல அட்டை வைத்திருக்கிற மாற்றுத்திறனாளிகளுக்குப் பல நிறுவனங்கள் ஹோஸுக்கு அனுமதி தருகின்றன. வயதானவர்களுக்கு என்ன சலுகை என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

எனக்கும் கோபம் இருக்கிறது. ஏப்ரலில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சராசரித் தண்ணீர்க் கட்டணம் வருடத்துக்கு 123 பவுண்டு ஏறி 603 ஆனது. அந்தப் பணத்தைக் கட்டுகிற நாங்கள் குளித்த தண்ணீரை மாடியிலிருந்து வாளியில் இறக்கிக்கொண்டிருக்கிறோம்.


கம்பிக்காதன், 11 ஆகஸ்ட் 2025

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பதினொரு வருடமாக இந்த நாட்டில் தண்ணீர்க் கசிவு கண்டுபிடிக்கிற வேலைதான் எனக்கு. ஒப்பந்த ஆள். எந்த நிறுவனத்துக்கு என்று சொல்லப் போவதில்லை.

நீங்கள் அளந்தது நல்ல காரியம் செய்தீர்கள். நிமிடத்துக்கு 12 லிட்டர் என்பது சின்னக் கசிவே இல்லை. ஆனாலும் ஏன் 19 நாள் கிடக்கிறது என்று சொல்கிறேன், கோபம் குறையாது, ஆனால் எங்கே தட்டுவது என்று தெரியும்.

வறண்ட கோடையில்தான் குழாய் அதிகம் உடையும். உங்கள் கை மணிக்கட்டு வரை போகிற அந்த வெடிப்பு இருக்கிறதே, அதேதான் ஒரு மீட்டர் கீழேயும் நடக்கிறது. களிமண் காய்ந்து சுருங்கும்போது குழாயையும் சேர்த்து இழுக்கும். பல தெருக்களில் நூறு வருடம் தாண்டிய வார்ப்பிரும்புக் குழாய்கள் இன்னும் கிடக்கின்றன. அவை வளையாது, உடையும். இல்லை, இணைப்பு விலகும். ஆக, தண்ணீர் குறைவாக இருக்கிற நேரத்தில்தான் ஒழுகுவதும் அதிகம்.

நாங்கள் வேலை செய்வது இரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை. ஊர் தூங்குகிற நேரத்திலும் ஒரு பகுதிக்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தால் அது எங்கேயோ ஒழுகுகிறது என்று அர்த்தம். லிசனிங் ஸ்டிக் என்று ஒரு நீளக் கம்பி. ஒரு நுனியை வால்வில் வைத்து மறு நுனியைக் காதில் வைத்தால், ஒழுகுகிற குழாய் சீறும். கெட்டில் கொதிக்கத் தொடங்குமுன் ஒரு சத்தம் வருமே, அதுபோல. சத்தம் எங்கே பெரிதாக இருக்கிறதோ அங்கே நீல வட்டம். என் வேலை அத்துடன் முடிந்தது. தோண்டுகிறவர்கள் வேறு குழு.

அவர்களுக்கு ஒரு வரிசை இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது, ஒரு தெருவுக்கே தண்ணீர் இல்லாமல் போனது இவையெல்லாம் முன்னால். நடைபாதையில் அமைதியாக ஓடுவது பின்னால். சாலையில் விளக்கு வைத்துப் போக்குவரத்தை மாற்ற வேண்டியிருந்தால் கவுன்சில் அனுமதிக்கும் நாள் பிடிக்கும். இது எனக்குத் தெரிந்த காரணம், நியாயம் என்று சொல்ல மாட்டேன். போன மாதம் நான் வட்டம் போட்ட இடங்களைத் தாண்டி இப்போதும் வண்டி ஓட்டிக்கொண்டு போகிறேன், ஒழுகிக்கொண்டே இருக்கின்றன. வீட்டுக்குப் போய்ப் பிள்ளையிடம் குழாயை மூடு என்று சொல்ல வாய் வருவதில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சேர்த்து ஒரு நாளைக்குச் சுமார் 300 கோடி லிட்டர் இப்படி மண்ணுக்குள் போகிறது. அனுப்புகிற தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கு. 2050க்குள் பாதியாகக் குறைப்பதுதான் இலக்கு.

நீங்கள் செய்ய வேண்டியது: போனை விடுங்கள். எழுத்தில் 'புகார்' என்ற சொல்லைப் போட்டே அனுப்புங்கள். கசிவு பதிந்த எண், நாள், நீங்கள் அளந்த கணக்கு, வாளி நிரம்புகிற வீடியோ எல்லாம் அதில் இருக்கட்டும். நடைபாதை வழுக்குகிறது, வயதானவர்கள் விழக்கூடும் என்று கவுன்சிலின் சாலைப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அந்த ஒரு வரி வரிசையில் உங்களை முன்னால் தள்ளும். பதில் திருப்தி இல்லையென்றால் சி.சி.டபிள்யூ என்கிற தண்ணீர் நுகர்வோர் அமைப்புக்குப் போகலாம், கட்டணம் கிடையாது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இன்று இரவு படுக்கப் போகும்போது உங்கள் வீட்டுக் கழிவறைக் கோப்பையின் பின்பக்கத்தில் ஒரு காய்ந்த டாய்லெட் பேப்பர் துண்டை ஒட்டிவிடுங்கள். காலையில் நனைந்திருந்தால் தொட்டி ஒழுகுகிறது. இரண்டு பொத்தான் வைத்த புதிய தொட்டிகளில் இது அடிக்கடி நடக்கும். சத்தமே கேட்காது. நாளைக்கு 200 லிட்டருக்கு மேல் போய்விடும்.


வெள்ளைக்கொண்டை (கார்டிஃப்), 13 ஒகஸ்ட் 2025

பிள்ளை, உங்கள் மாமியை நினைத்து மனம் கஷ்டப்பட்டது. நான் 1974இல் தாதியாக இந்த நாட்டுக்கு வந்தவள். 1976 வறட்சியைக் கண்ணால் கண்டேன்.

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை 15 நாள் விடாமல் இங்கிலாந்தில் எங்காவது ஓர் இடத்தில் 32 பாகையைத் தாண்டியது. தென் வேல்ஸில் இரவில் வீடுகளுக்குத் தண்ணீரை நிறுத்தினார்கள். சில ஊர்களில் தெருவில் குழாய் நட்டு, எல்லோரும் வாளியோடு வரிசையில் நின்றோம். எங்கள் விடுதியில் கழிவறைத் தொட்டிகளுக்குள் செங்கல் போட்டோம், ஒவ்வொரு தரமும் ஒரு செங்கல் அளவு தண்ணீர் மிச்சம் என்று. சிவப்புப் பொறிவண்டுகள் கூட்டம் கூட்டமாக வந்து கையில் உட்கார்ந்து கடித்தன. தாகத்தில் வியர்வையைத் தேடி வருகின்றன என்றார்கள். ஒகஸ்டில் டெனிஸ் ஹொவெல் என்பவரை வறட்சிக்கென்றே அமைச்சராக்கினார்கள். சில நாளிலேயே மழை கொட்டியது.

அந்த வரிசையில் யாரும் யாரையும் காட்டிக்கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. பக்கத்து வீட்டுக் கிழவிக்கு நான்தான் இரண்டு வாளி கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்போது தண்ணீர் பொதுச் சொத்து. 1989இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதை விற்றார்கள். வேல்ஸில் 2001இலிருந்து இலாபம் பங்கு போடாத நிறுவனம் நடத்துகிறது. இங்கிலாந்தில் 1992இல் டார்பிஷயரில் திறந்த கார்சிங்டனுக்குப் பிறகு ஒரு பெரிய நீர்த்தேக்கம் கட்டி முடிக்கவில்லை. சனத்தொகை எவ்வளவு கூடிவிட்டது!

இங்கிலாந்தின் தேசிய வறட்சிக் குழு கூடியது. இது நாடளாவிய முக்கிய நிகழ்வு என்று நேற்று அறிவித்தல் வந்தது. அந்த அறிவித்தலில் பழைய மின்னஞ்சல்களையும் படங்களையும் அழியுங்கள் என்று சனங்களுக்கு ஒரு ஆலோசனையும் இருந்தது. அவற்றைச் சேமித்து வைக்கிற கணினி நிலையங்களைக் குளிர்விக்கத் தண்ணீர் தேவையாம். 33 வருடம் தேக்கம் கட்டாதவர்கள் என் பேரப்பிள்ளைகளின் படத்தை அழிக்கச் சொல்கிறார்கள். எனக்கு வேதனையாக இருந்தது.

மாமியிடம் சொல்லுங்கள், அவர் ஒரு பிழையும் செய்யவில்லை என்று.


நல்லதண்ணிக்கிணறு (ஹாம்ப்ஷயர்), 13 ஒகஸ்ட் 2025

எல்லோரும் சொல்வது சரி. ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், கோபிக்க வேண்டாம்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி நிற்கிறது, அதைத்தான் கிணற்றால் எடுக்கிறோம். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் ஏறும். இது எங்கள் எல்லோருக்கும் சிறு வயதிலேயே தெரியும். கென்டும் ஹாம்ப்ஷயரும் அப்படித்தான். கீழே சோக்குக் கல், அதுவும் ஒரு சுண்ணாம்புக் கல்தான். குளிர்கால மழைதான் அதற்குள் இறங்கும். கோடையில் பெய்வதை மரமும் வெயிலும் குடித்துவிடும். அதனால்தான் ஒரு நாள் இடி மழை பெய்தாலும் தடையை எடுப்பதில்லை. "நேற்று மழை பெய்ததே, இன்னும் ஏன் தடை?" என்று கேட்கிறவர்களுக்கு இதுதான் பதில்.

என் வீட்டிலிருந்து நடந்தால் இட்சன் ஆறு. அந்தக் கல்லுக்குள்ளிருந்து ஊறி வருகிற தண்ணீர், அடியில் கிடக்கிற கூழாங்கல்லை எண்ணலாம். உலகத்தில் இப்படிப்பட்ட ஆறுகளில் பெரும்பங்கு இங்கிலாந்தில்தான் இருக்கிறது. நாங்கள் குழாயைத் திறக்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் குறைகிறது. எனவே தடை வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஒழுகுகிற குழாய்க்கு ஒரு நியாயமும் இல்லை என்பதும் என் கருத்து. கல்லுக்குள்ளிருந்து இறைத்து, சுத்திகரித்து, பிறகு றோட்டில் விடுகிறார்கள். ஊரில் வாய்க்கால் உடைந்தால் பாதி இரவிலும் மண்வெட்டியோடு ஓடுவோமே.


வளவுக்காரி (கென்ட்), 17 ஒகஸ்ட் 2025

எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

கம்பிக்காதன் தம்பி சொன்னபடியே எழுத்தில் அனுப்பினேன். வழுக்குகிறது என்ற வரியையும் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு வந்துவிட்டார்கள். மாமியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வேலியில் கை வைத்துக்கொண்டு இரண்டு மணித்தியாலம் நின்று பார்த்தார்.

இடுப்பளவு தோண்டினார்கள். மேலே மண் சாம்பல் மாதிரிக் காய்ந்திருக்க, கீழே அந்தக் குழாயைச் சுற்றி மட்டும் குழைந்த சேறு. குழாய் துரு ஏறி, மரப்பட்டை உரிவது போலச் செதில் செதிலாக இருந்தது. வயிற்றுப் பக்கத்தில் ஓட்டை. என் கட்டைவிரல் போகும், அவ்வளவுதான். அதைச் சுற்றி உருக்கு வளையம் ஒன்றைப் போட்டு நான்கு ஆணி முடுக்கினார்கள். தண்ணீர் நின்றது. 24 நாள் ஓடியதற்கு அடைக்க எடுத்தது இருபது நிமிடம். மாமி அந்தச் சேற்றைக் காட்டி, "இவ்வளவு நல்ல ஈரம்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. தோண்டிய பிள்ளைகளுக்கு வீட்டுக்குப் போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். அவர்கள் மேல் எங்களுக்கு ஒரு கோபமும் இல்லை.

கழிவறையில் பேப்பரும் ஒட்டிப் பார்த்தேன். மேல்மாடியில் நனைந்திருந்தது. இவர் வாஷர் வாங்கி வந்து மாற்றினார். அதை முன்பே பார்த்திருக்க வேண்டும்.

லீட்ஸ்வாசி தம்பி சொன்னதை மாமியிடம் அப்படியே சொன்னேன், சட்டப்படி பிழைதான், ஆனால் யாரும் அபராதம் விதிக்கப்போவதில்லை என்று. ஹோஸ் துண்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். குழாய்க்குக் கீழே ஒரு சிறு குழி வெட்டினேன், இப்போது பூவாளி நிமிர்ந்து நிற்கிறது. நேற்று மாலை மாமி வந்தார். அந்த மனிதர் அவருடைய பாத்தியில் நின்றார். நான் போய்க் கதைத்தேன். நீங்கள் சொன்னது சட்டப்படி சரி, ஆனால் படம் எடுக்குமுன் என்னிடம் கேட்டிருக்கலாம், மாமி ஒரு கிழமையாக இந்தப் பக்கமே வரவில்லை என்று சொன்னேன். அந்த மனிதரின் முகம் சிவந்துவிட்டது. படத்தை அனுப்பவில்லை, அழித்துவிட்டேன் என்றார். எனக்கு இன்னும் முழுதாக மனம் ஆறவில்லை.

200 லீற்றர் பீப்பாய் ஒன்றும் வாங்கி, கூரைத் தண்ணீர் இறங்குகிற குழாய்க்குக் கீழே வைத்திருக்கிறோம். மாமி காலையில் எழும்பி அதன் மூடியைத் திறந்து பார்க்கிறார். இன்றைக்கும் காய்ந்துதான் கிடந்தது.